பழைய பேஸ்பால் கார்டின் ஓரத்தைச் சீவலாமா? டை காப், வாக்னர், இன்னும் சிலர்

கேள்வி: கொலம்பஸ், ஒஹையோவிலிருந்து ஒரு வாசகர். பிப்ரவரி 11, 2024

பக்கத்துத் தெருவில் ஒரு பெரியவர் காலமானார். வீட்டுச் சாமான்களை விற்றபோது ஒரு தகர டப்பா வாங்கினேன். உள்ளே பத்துப் பன்னிரண்டு சின்ன பேஸ்பால் கார்டுகள். எனக்குக் கிரிக்கெட்தான் தெரியும். ஒன்றில் சிவப்புப் பின்னணியில் ஒரு முகம், கீழே "காப், டெட்ராய்ட்" என்று இருக்கிறது. பின்பக்கம் பீட்மாண்ட் சிகரெட் விளம்பரம். மூலைகள் மழுங்கியிருக்கின்றன, ஒரு ஓரம் பிசிறாக இருக்கிறது. பேப்பர் கட்டரில் நாலு ஓரத்தையும் முடியளவு சீவிவிட்டால் புதிது போல ஆகிவிடும், விலையும் பல மடங்கு ஏறும் என்கிறார் அலுவலக நண்பர். செய்யலாமா?

பிப்ரவரி 11, 2024, இரவு

சீவாதீர்கள். கட்டர் அந்த மேசைப் பக்கமே வரக்கூடாது.

நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால், அது சேகரிப்பாளர்கள் டி206 என்று அழைக்கும் வரிசையைச் சேர்ந்த கார்டு. அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனி 1909 முதல் 1911 வரை தன் சிகரெட் பாக்கெட்டுகளில் போட்டுக் கொடுத்தது. 16 பிராண்டுகள், மொத்தம் 524 கார்டுகள். உங்களிடம் இருப்பது டை காப். 1936-ல் பேஸ்பால் புகழ்மாடத்துக்கு முதன்முதலாகத் தேர்ந்தெடுத்த ஐந்து பேரில் அதிக வாக்கு வாங்கியவர் அவர். பேப் ரூத்தை விட அதிகம். இந்த வரிசையில் அவருக்கு நான்கு படங்கள் உண்டு: சிவப்புப் பின்னணி முகம், பச்சைப் பின்னணி முகம், மட்டையைத் தோளில் வைத்தது, தோளிலிருந்து எடுத்தது. நான்கிலும் சிவப்புதான் அதிகம் கிடைப்பது. அதிகம் என்பதால் மலிவு என்று நினைக்க வேண்டாம். மூலை மழுங்கி, மடிப்பு விழுந்த நிலையிலும் அசல் என்றால் ஆயிரம் டாலரைத் தாண்டும்.

சீவினால் அதில் பாதியோ அதற்கும் மேலோ போய்விடும். கார்டு அசலா, என்ன நிலை என்று பார்த்துப் பத்துக்கு இவ்வளவு என்று எண் போடும் கிரேடிங் நிறுவனங்கள் உண்டு. ஓரம் வெட்டிய கார்டுக்கு அவர்கள் எண் தருவதில்லை. "அசல், ஆனால் மாற்றப்பட்டது" என்று ஒரு சீட்டு ஒட்டித் திருப்பி அனுப்புவார்கள். பழைய செப்புக்காசைப் புளி போட்டுத் தேய்த்து மினுக்கிக்கொண்டு போனால் காசு சேகரிப்பவர் எப்படி முகம் சுளிப்பாரோ, அதே கதைதான்.

இப்போதைக்கு மெல்லிய பிளாஸ்டிக் உறையில் (கடைகளில் பென்னி ஸ்லீவ் என்று கேளுங்கள்) ஒன்றொன்றாகப் போட்டு, மேலே டாப்லோடர் என்ற கெட்டி உறையில் வையுங்கள். ரப்பர் பேண்டு போடாதீர்கள். ஈரத்துணி, அழிரப்பர் எதுவும் வேண்டாம். முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் படம் எடுத்துப் போடுங்கள்.

பிப்ரவரி 13, 2024

படங்கள் பார்த்தேன். நம்பிக்கை தருகின்றன. ஆனால் படத்தை வைத்து அசல் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. வீட்டிலேயே மூன்று சோதனைகள் செய்யலாம்.

முதலில் பூதக்கண்ணாடி. பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் போதும். கீழே இருக்கும் பெயர் எழுத்துகளைப் பாருங்கள். டி206 கார்டுகள் கல்லச்சு முறையில், ஒவ்வொரு நிறத்துக்கும் தனி மை போட்டு அச்சிட்டவை. எழுத்தின் உள்ளே ஒரே மை நிறைந்திருக்கும். பிற்காலத்து மறுபதிப்பில் எழுத்தே சின்னச் சின்னப் புள்ளிகளால் ஆனதாகத் தெரியும். இந்த ஒரு சோதனையிலேயே பெரும்பாலான போலிகள் மாட்டிக்கொள்ளும்.

அடுத்தது புற ஊதா விளக்கு. 1940களின் கடைசியிலிருந்து காகிதத்தை வெளுப்பாகக் காட்ட ஒரு ரசாயனம் சேர்க்க ஆரம்பித்தார்கள். அது இந்த விளக்கில் நீலமாக ஒளிரும். 1909-ன் அட்டை மந்தமாகவே இருக்கும். பளிச்சென்று ஒளிர்ந்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

மூன்றாவது, அளவு. அகலம் 1 7/16 அங்குலம், உயரம் 2 5/8 அங்குலம். மற்ற கார்டுகளோடு அடுக்கிப் பாருங்கள்.

இன்னொன்று. மறுபதிப்புகளில் பின்பக்கம் "ரீபிரிண்ட்" என்று அச்சிட்டிருப்பார்கள். அதைச் சுரண்டி எடுத்துவிட்டு, தேநீரில் நனைத்துப் பழசாக்கி விற்பவர்கள் உண்டு. பின்பக்கம் ஓரிடம் மட்டும் மெலிந்திருக்கிறதா என்று வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள்.

பிப்ரவரி 17, 2024

கொலம்பஸ் நண்பரின் அலுவலக நண்பர் நேரடியாகவே எழுதியிருக்கிறார்: "ஒரு காலத்தில் உலகத்திலேயே விலை உயர்ந்ததாக இருந்த கார்டு வெட்டிய கார்டுதானே? அப்புறம் ஏன் இவ்வளவு பயம்?"

நல்ல கேள்வி. இதை முழுதாகச் சொல்லியாக வேண்டும்.

அவர் சொல்வது ஹோனஸ் வாக்னரின் டி206. வாக்னர் எங்கள் ஊர்க்காரர். பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியின் ஷார்ட்ஸ்டாப் (இரண்டாவது, மூன்றாவது பேஸுக்கு நடுவில் நின்று பந்தைத் தடுப்பவர்), பேஸ்பாலின் இரண்டு பெரிய லீகுகளில் ஒன்றான நேஷனல் லீகில் எட்டு முறை மட்டை சராசரியில் முதலிடம். அவருடைய கார்டு அச்சான கொஞ்ச காலத்திலேயே நிறுத்தப்பட்டது. இன்று ஏறக்குறைய அறுபதுதான் இருப்பதாகக் கணக்கு. அதில் ஒன்று மட்டும் நேற்று அச்சடித்தது போல இருந்தது. 1985-ல் பில் மாஸ்ட்ரோ என்ற வியாபாரி லாங் ஐலண்டில் 25,000 டாலருக்கு வாங்கினார். இரண்டு வருடத்தில் 1,10,000-க்கு விற்றார். 1991-ல் சதபீஸ் ஏலத்தில் ஐஸ் ஹாக்கி வீரர் வெய்ன் கிரெட்ஸ்கியும் புரூஸ் மக்நாலும் சேர்ந்து 4,51,000-க்கு எடுத்தார்கள். அதனால்தான் இன்றும் அதற்குக் கிரெட்ஸ்கி வாக்னர் என்று பெயர். பிஎஸ்ஏ என்ற கிரேடிங் நிறுவனம் தன் முதல் எண்ணைக் கொடுத்ததும் இந்தக் கார்டுக்குத்தான். பத்துக்கு எட்டு. பிறகு வால்மார்ட் குலுக்கல் பரிசாக வைத்தார்கள். ஜெயித்தவர் ஃபுளோரிடாவில் ஒரு தபால் ஊழியர், வரி கட்ட முடியாமல் விற்றுவிட்டார். 1996-ல் 6,40,000-க்கு மேல். 2000-ல் 12,65,000. 2007-ல் ஒரே வருடத்தில் இரண்டு கை மாறி 28 லட்சம் டாலருக்கு அரிசோனா டைமண்ட்பேக்ஸ் அணியின் கென் கெண்ட்ரிக்கிடம் போய்ச் சேர்ந்தது.

ஓரம் வெட்டியது என்ற பேச்சு ஆரம்பத்திலிருந்தே இருந்தது. 2013-ல் சிகாகோ கூட்டாட்சி நீதிமன்றத்தில் மாஸ்ட்ரோவே ஒப்புக்கொண்டார், ஓரத்தை வெட்டியது தான்தான் என்று. ஏலத்தில் பொய் விலை ஏற்றிய மோசடி வழக்கு அது. 2015-ல் இருபது மாதச் சிறைத் தண்டனை.

இனி அலுவலக நண்பருக்குப் பதில். அந்தக் கார்டு விலை போனது எல்லாம் அந்த ஒப்புதலுக்கு முன்னால். 2007-க்குப் பிறகு அது விற்பனைக்கே வரவில்லை. இதற்கிடையில் 2021 ஆகஸ்டில் பத்துக்கு மூன்று என்று மதிப்பிட்ட இன்னொரு வாக்னர் 66 லட்சம் டாலருக்குப் போனது. 2022 ஆகஸ்டில் பத்துக்கு இரண்டு வாங்கிய ஒன்று 72.5 லட்சம் டாலர், நம் கணக்கில் அன்று 58 கோடி ரூபாய்க்கு அருகில். பத்துக்கு இரண்டு! மூலை போய், மடிந்து, கறைபட்ட கார்டு. ஆனால் அதை யாரும் திருத்தவில்லை. நூறு வருடம் அதைக் கைமாற்றியவர்கள் கொடுத்த தேய்மானம் மட்டும்தான் அதில் இருக்கிறது.

என்னைக் கேட்டால் இந்தத் துறையில் கற்க வேண்டிய முதல் பாடம் இது. தேய்ந்த கார்டுக்கு ஒரு விலை உண்டு, அது நியாயமான விலை. திருத்திய கார்டுக்கு இருப்பது அடுத்தவர் கண்டுபிடிக்கும் வரைக்குமான விலை.

பிப்ரவரி 18, 2024

வாக்னர் கார்டை ஏன் நிறுத்தினார்கள் என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். பையன்கள் தன் படத்துக்காகச் சிகரெட் வாங்குவது அவருக்குப் பிடிக்கவில்லை என்பது பரவலான கதை. தனக்குப் பணம் தராததால் மறுத்தார் என்பது இன்னொரு கதை. வாக்னர் புகையிலை மெல்லுபவர், சுருட்டுப் பெட்டியில் அவர் படம் வந்திருக்கிறது, 1948-ன் லீஃப் சூயிங்கம் கார்டில் புகையிலையோடுதான் நிற்கிறார் என்று சொல்லி முதல் கதையைத் தள்ளிவிடுபவர்கள் உண்டு. நான் தள்ளமாட்டேன். 1912-ல் ஸ்போர்ட்டிங் நியூஸ் பத்திரிகையில் வந்த செய்தி ஒன்று இருக்கிறது. வாக்னரின் சம்மதத்தை வாங்கித் தந்தால் ஒரு தொகை என்று புகையிலைக் கம்பெனி ஒரு பத்திரிகையாளரிடம் சொல்லியிருந்தது. வாக்னர் சம்மதிக்கவில்லை. ஆனால் அந்தப் பத்திரிகையாளருக்கு இழப்பு வரக்கூடாது என்று தன் கையிலிருந்து 10 டாலர் காசோலை அனுப்பினார். பணத்துக்காக முறைத்துக்கொண்ட மனிதன் செய்கிற காரியமாக அது எனக்குத் தெரியவில்லை. தான் புகையிலை போடுவது வேறு, பையன்களை அதற்கு இழுப்பது வேறு என்று நினைக்கிற அப்பாக்களை நாமே பார்த்திருக்கிறோம்.

பிப்ரவரி 25, 2024

அளவு பற்றி 13-ஆம் தேதி எழுதியதோடு இதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். ஒரு வாசகர் தன் டி206 அகலம் குறைவாக இருக்கிறது, வெட்டியதுதானா என்று பதறி எழுதியிருக்கிறார். பின்பக்கம் என்ன பிராண்டு என்று கேட்டேன். அமெரிக்கன் பியூட்டி. அப்படியானால் பதற வேண்டாம். அந்த பாக்கெட் ஒல்லியானது, அதற்குள் நுழைவதற்காகத் தொழிற்சாலையிலேயே கார்டைக் குறுக்கி வெட்டினார்கள். மற்ற பிராண்டுகளிலும் நூலளவு கூடவோ குறையவோ இருக்கும்.

அதனால் அளவுகோலை விட ஓரத்தைப் பாருங்கள். நூறு வருடப் பழைய ஓரம் முன்பக்கத்தைப் போலவே அழுக்கும் மழுங்கலுமாக இருக்கும். மூலைகள் மூன்று உருண்டு நாலாவது மட்டும் கூர்மையாக இருந்தாலோ, ஓரத்தின் உள் அட்டை வெள்ளையாகத் தெரிந்தாலோ சந்தேகப்படுங்கள்.

மார்ச் 9, 2024

விலை எப்படி வருகிறது என்று தொடர்ந்து கேட்கிறீர்கள். நான் பார்க்கும் வரிசை இது: யார், எத்தனை இருக்கிறது, என்ன நிலை, பின்பக்கம் என்ன.

யார் என்பதில் குழப்பமில்லை. காப், வாக்னர், மாத்யூசன், வால்டர் ஜான்சன், சை யங், லாஜோய். சை யங்குக்கு டி206-ல் மூன்று படங்கள், மாத்யூசனுக்கும் மூன்று. மாத்யூசன் முகப்படம் இந்த வரிசையிலேயே அழகானது என்பேன், காப் ரசிகர்கள் சண்டைக்கு வந்தாலும் சரி.

எத்தனை என்பதுதான் புதியவர்களைத் தடுமாற வைக்கும். பழசு என்றால் அரிது என்று நினைக்கிறார்கள். டி206 அப்படி அரிதான வரிசை இல்லை. கோடிக்கணக்கில் சிகரெட் விற்ற கம்பெனி அது. சாதாரண வீரர் ஒருவரின் தேய்ந்த கார்டு இன்றும் ஐம்பது டாலர் பக்கத்தில் கிடைக்கும். உள்ளே சில மட்டும் அரிது: வாக்னர், எடி பிளாங்க், அப்புறம் பிழை கார்டுகள். பிலடெல்ஃபியாவின் ஷெரி மகீ பெயரில் ஒரு எழுத்தைத் தப்பாக அச்சிட்டு, சீக்கிரமே திருத்திவிட்டார்கள். தப்பான எழுத்து இருக்கும் கார்டு சாதாரண வருமானக்காரர் தொட முடியாத விலை.

பின்பக்கம் பற்றிப் பலருக்குத் தெரியாது. முன்னால் அதே படம், பின்னால் வேறு பிராண்டு என்றால் விலை மாறும். பீட்மாண்ட் எங்கும் கிடைக்கும், அடுத்தது ஸ்வீட் கபோரல். டிரம், உசிட், லெனாக்ஸ் போன்றவை குறைவு. காப் படத்துக்குப் பின்னால் டை காப் பெயரிலேயே வந்த புகையிலையின் விளம்பரம் இருந்தால் அது தனி உலகம். 2016-ல் அப்படிப்பட்டவை ஏழு, தூக்கி எறிய இருந்த ஒரு காகிதப் பையிலிருந்து கிடைத்தன. அதனால்தான் கொலம்பஸ் நண்பரிடம் முதலிலேயே பின்பக்கப் படமும் கேட்டேன்.

நிலை பற்றி ஏற்கெனவே நிறைய பேசியாயிற்று. ஒன்று மட்டும்: ஒரே எண் வாங்கிய இரண்டு கார்டுகள் ஒரே மாதிரி இருப்பதில்லை. ஒன்றில் முகம் தெளிவாக இருந்து பின்னால் ஒரு மடிப்பு இருக்கும். இன்னொன்றில் முகத்தின் நடுவிலேயே கறை. இரண்டும் "2"தான். பிளாஸ்டிக் பெட்டியின் மேலிருக்கும் எண்ணைப் பார்த்து வாங்காமல், உள்ளே இருக்கும் கார்டைப் பார்த்து வாங்குங்கள்.

மார்ச் 10, 2024

ஹிந்து என்ற பெயரிலும் ஒரு பின்பக்கம் உண்டாமே என்று கேட்டவருக்கு: ஆமாம், ஹிந்து என்று ஒரு சிகரெட் பிராண்டு உண்மையிலேயே இருந்தது. பின்பக்கம் பழுப்பு மையில் ஒரு வகை, சிவப்பு மையில் ஒரு வகை. சிவப்பு மிகவும் குறைவு. அன்றைய அமெரிக்காவில் சிகரெட்டுக்குக் கிழக்கத்திய பெயர் வைத்தால் ஓடும். மெக்கா, ஹசன், ஃபாத்திமா என்றெல்லாம் பிராண்டுகள், அவற்றிலும் பேஸ்பால் கார்டுகள் வந்தன. என்னிடம் ஒரு பழுப்பு ஹிந்து உண்டு, முன்னால் தென் மாநில லீக் ஆட்டக்காரர் ஒருவர். வீட்டுக்கு வரும் நம் ஆட்கள் எல்லாரும் முதலில் கேட்டு வாங்கிப் பார்ப்பது அதைத்தான்.

ஏப்ரல் 6, 2024

சீசன் ஆரம்பித்துவிட்டது. இன்று கொஞ்சம் ஊர்க்கதை.

பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகப் பக்கம் வந்தால் போஸ்வார் ஹால் கட்டடத்துக்குள் போய்ப் பாருங்கள். தரையில் கண்ணாடிக்குக் கீழே ஒரு ஹோம் பிளேட் (மட்டையாளர் பக்கத்தில் நின்று ஆடும், தரையில் பதித்த பலகை) இருக்கும். 1909 ஜூன் 30-ல் திறந்த ஃபோர்ப்ஸ் ஃபீல்டு மைதானத்தின் பிளேட். வெளியே அந்த மைதானத்தின் செங்கல் சுவரில் ஒரு பகுதி இன்னும் நிற்கிறது. அந்த முதல் வருடமே உலகத் தொடர் (இரண்டு பெரிய லீகுகளின் சாம்பியன்கள் மோதும் இறுதித் தொடர்) அங்கே வந்தது. பைரேட்ஸுக்கு வாக்னர், டெட்ராய்ட் டைகர்ஸுக்கு காப். ஏழாவது ஆட்டம் வரை போய் பைரேட்ஸ் ஜெயித்தது. வாக்னர் மட்டை சராசரி .333, அதாவது மூன்று வாய்ப்புக்கு ஒரு ஹிட். ஆறு பேஸ் திருடினார், அதாவது மட்டையாளர் அடிக்கக் காத்திராமல் அடுத்த பேஸுக்கு ஓடிப் பிடித்தார். காப் .231. இருவரும் மோதிய உலகத் தொடர் அது ஒன்றுதான்.

நான் சேர்ப்பது அந்த 1909 பைரேட்ஸ் அணியைத்தான். கேப்டனும் மேலாளருமான ஃபிரெட் கிளார்க், டாமி லீச், கேட்சர் (நம் விக்கெட் கீப்பர் மாதிரி) ஜார்ஜ் கிப்சன், பந்து வீசிய நிக் மேடாக்ஸ், விக் வில்லிஸ். வாக்னர் இடம் காலி, அது காலியாகவே இருக்கும். அந்தக் காலி இடம் என்னை உறுத்தியதே இல்லை. அந்த அணியை ஜெயிக்க வைத்த மற்றவர்களைத் தேடித் தெரிந்துகொள்ள அதுவே காரணமாயிற்று. கிப்சன் அந்த சீசனில் ஏறக்குறைய எல்லா ஆட்டத்திலும் கேட்சராக உட்கார்ந்தார். எந்தப் பாதுகாப்புக் கவசமும் சரியாக இல்லாத காலத்தில்! அவருடைய கார்டு இன்றைக்கு ஒரு குடும்பம் வெளியே சாப்பிடும் செலவில் கிடைக்கிறது.

கார்டுகளில் ஊர்ப்பெயரைக் கவனித்தீர்களா? பிட்ஸ்பர்க் கடைசி எச் எழுத்து இல்லாமல் இருக்கும். பிழை இல்லை. அப்போது அரசாங்கம் அப்படித்தான் எழுதச் சொன்னது, 1911-ல்தான் திருப்பிக் கொடுத்தார்கள்.

ஏப்ரல் 20, 2024

"டப்பாவில் இரண்டு கார்டுகளின் பின்பக்கம் பசையும் கறுப்புக் காகிதமும் ஒட்டியிருக்கிறது. என்ன செய்ய?" கொலம்பஸ் நண்பர் மறுபடியும்.

ஆல்பத்தில் ஒட்டியவை. அந்தக் காலத்துப் பையன்கள் எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள். பையன்கள் மட்டுமில்லை, ஜெஃபர்சன் பர்டிக்கும் அப்படித்தான் செய்தார்.

பர்டிக் யார் என்று சொல்லாமல் இந்தப் பேச்சு முழுமையாகாது. நியூயார்க் மாநிலம் சிரக்யூஸில் மின்கருவித் தொழிற்சாலைத் தொழிலாளி. மூட்டுவாதத்தால் விரல்கள் மடங்காதவர். கையில் பெரிய பணமும் இல்லை. டி206 என்ற எண்ணே அவர் போட்டதுதான். அமெரிக்கன் கார்டு கேட்டலாக் என்ற பட்டியலில் இருபதாம் நூற்றாண்டுப் புகையிலைக் கார்டுகளுக்கு டி என்று வைத்தார். மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட அட்டைகளை நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்கே கொடுத்தார். அவற்றில் பேஸ்பால் மட்டும் முப்பதாயிரத்துக்கு மேல். கொடுத்ததோடு நிற்கவில்லை. வருடக்கணக்கில் அங்கே போய், அந்த விரல்களோடு, தானே ஆல்பங்களில் ஒட்டி அடுக்கினார். 1963 ஜனவரியில் வேலை முடிந்தது. மார்ச்சில் இறந்துபோனார்.

அவர் ஒட்டியவற்றில் வாக்னரும் ஒன்று. இன்றைய கிரேடிங் கணக்கில் பின்னால் பசை என்றால் மதிப்பு விழும். ஆனால் அந்த மனிதன் வரிசைப்படுத்தி எண் கொடுத்திருக்காவிட்டால் இன்று நாம் எதை எப்படிப் பெயர் சொல்லித் தேடுவோம்? "எவ்வளவு பெறும்" என்று மட்டும் கேட்பவர்களிடம் நான் எப்போதும் பர்டிக் கதையைச் சொல்வது இதற்காகத்தான்.

சரி, பசை. காய்ச்சி வடித்த நீரில் கார்டை ஊறவைத்தால் பழைய ஆல்பக் காகிதம் தானாகக் கழன்று வரும். கல்லச்சு மை தண்ணீருக்குக் கரையாது. பிறகு உறிஞ்சும் தாள்களுக்கு நடுவில் வைத்து, மேலே கனமான புத்தகம். பலரும் இதைத் தப்பாக நினைப்பதில்லை, ஏனென்றால் பிறகு ஒட்டிய பொருளை எடுக்கிறோம், கார்டிலிருந்து எதையும் எடுக்கவில்லை. ரசாயனம் போட்டுக் கறை எடுப்பதும், மூலையில் நிறம் தீட்டுவதும் வேறு.

ஏப்ரல் 21, 2024

நேற்று எழுதியதைப் பற்றி இரவு முழுக்க யோசித்தேன். தண்ணீரில் ஊறவைப்பதற்கும் ஓரம் சீவுவதற்கும் நடுவில் எங்கே கோடு போடுவது என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். முன்பெல்லாம் "எல்லாரும் ஒப்புக்கொள்வது சரி" என்று சொல்லிவிடுவேன். இப்போது அது போதாது என்று படுகிறது. விற்கும்போது வாங்குபவரிடம் வாய் திறந்து சொல்லத் தயங்காத காரியம் எதுவோ அதைச் செய்யலாம். "ஆல்பத்திலிருந்து ஊறவைத்து எடுத்தேன்" என்று யாரும் கூச்சமில்லாமல் சொல்வார்கள். "ஓரத்தைச் சீவினேன்" என்று சொல்லி விற்றவரை நான் சந்தித்ததில்லை.

கொலம்பஸ் நண்பருக்கு: அந்த இரண்டும் சாதாரண வீரர்கள்தான். ஊறவைக்காமல் அப்படியே விட்டுவிட்டாலும் நட்டமில்லை.

ஜூன் 2, 2024

இந்த வாரச் செய்தி எல்லாருக்கும் தெரிந்திருக்கும். மேஜர் லீக் பேஸ்பால் கறுப்பினத்தவர் ஆடிய நீக்ரோ லீக்குகளின் புள்ளிவிவரங்களைத் தன் கணக்கில் சேர்த்துவிட்டது. இத்தனை காலம் மட்டை சராசரியில் முதலிடத்தில் இருந்த டை காப் .367. இப்போது முதலிடம் ஜாஷ் கிப்சன், .372.

கிப்சனும் எங்கள் ஊர்தான். ஹோம்ஸ்டெட் கிரேஸ், பிட்ஸ்பர்க் கிராஃபோர்ட்ஸ் அணிகளுக்கு ஆடியவர். 1947 ஜனவரியில், 35 வயதில் இங்கேயே இறந்தார். சில மாதம் கழித்து ஏப்ரலில் ஜாக்கி ராபின்சன், கறுப்பினத்தவருக்கு மேஜர் லீகில் இருந்த தடையை உடைத்து, புரூக்ளினுக்காகக் களமிறங்கினார்.

இப்போது கார்டுக்கு வருகிறேன். காப்புக்கு டி206-ல் மட்டும் நான்கு. கிப்சனுக்கு அவர் ஆடிய காலத்தில் ஒரு அமெரிக்கக் கம்பெனி கூட மிட்டாயிலோ சிகரெட்டிலோ அவர் படத்தைப் போடவில்லை. சேகரிப்பாளர்கள் தேடும் கிப்சன் கார்டு 1950-51-ல் போர்ட்டோ ரீக்கோவில் டோலெட்டெரோஸ் என்ற வரிசையில் வந்தது. அவர் அங்கே சந்தூர்சே அணிக்கு ஆடியதன் நினைவாக, இறந்து மூன்று வருடம் கழித்து.

"ஆரம்பகால நட்சத்திரங்கள்" என்று நாம் சொல்லும்போது, யாருடைய முகத்தை அச்சிட அன்று கம்பெனிகள் தயாராக இருந்தனவோ அவர்களை மட்டுமே சொல்கிறோம். இந்த இழையில் மார்ச் மாதம் நான் எழுதிய பெயர் வரிசையும் அப்படிப்பட்டதுதான். விலைப்பட்டியலைத் திறமைப்பட்டியலாக யாரும் படிக்க வேண்டாம் என்று இங்கே அழுத்திச் சொல்லிவைக்கிறேன்.

ஜூன் 3, 2024

கோபப்பட்டு எழுதியவருக்கு: காப்பைக் குறைத்துச் சொல்லவில்லை. அவர் கார்டுகள் மீது எனக்கும் ஆசைதான்.

ஜூன் 23, 2024

பேப் ரூத் பற்றி ஏன் பேசவில்லை என்று கேட்டவர்களுக்காக.

ரூத் டி206-க்குப் பிந்தியவர். அவருடைய முதல் கார்டு 1914, பால்டிமோர் நியூஸ் செய்தித்தாள் வெளியிட்டது. அப்போது அவர் உள்ளூர் ஓரியோல்ஸ் அணியில் பந்து வீசும் பையன். பின்பக்கம் அந்த அணியின் ஆட்ட அட்டவணை. பத்து அளவில்தான் இருப்பதாகத் தெரிகிறது. ஒரு குடும்பம் தலைமுறைகளாக வைத்திருந்து, பால்டிமோரில் ரூத் பிறந்த வீட்டு அருங்காட்சியகத்துக்கு இரவலாகக் கொடுத்திருந்த கார்டு 2023 டிசம்பரில் 72 லட்சம் டாலருக்கு ஏலம் போனது.

மேஜர் லீக் சீருடையில் அவரை முதலில் காட்டுவது 1916-ன் எம்101 வரிசை, எண் 151. நம்மைப் போன்றவர்கள் கனவாவது காணக்கூடியது 1933-ன் கௌடி சூயிங்கம் கார்டு. அதில் ரூத்துக்கு நான்கு எண்கள்: 53, 144, 149, 181. கௌடி வரிசையில் ஒரு குறும்பு உண்டு. 106-ஆம் எண்ணை அந்த வருடம் வெளியிடவே இல்லை. பையன்கள் அதைத் தேடித் தேடிச் சூயிங்கம் வாங்கித் தின்றார்கள். புகார் எழுதியவர்களுக்கு மட்டும் 1934-ல் நாப் லாஜோய் படத்தோடு அச்சிட்டுத் தபாலில் அனுப்பினார்கள். அந்த 106 இன்று பெரும் விலை.

கிராக்கர் ஜாக் என்ற பாப்கார்ன் இனிப்போடு வந்த கார்டுகள் பற்றிக் கேட்டவருக்குச் சுருக்கமாக: 1914-ல் 144 கார்டுகள், 1915-ல் 176. 1914 கார்டுகள் இனிப்புப் பெட்டிக்குள் கிடந்ததால் பாகுக்கறை இருக்கும். 1915 வரிசையை முழுதாகத் தபாலில் வாங்க முடிந்தது, அதனால் சுத்தமாகக் கிடைக்கிறது. கார்டைப் புரட்டிப் பாருங்கள், பின்பக்க எழுத்து தலைகீழாக இருந்தால் 1915. அந்தக் காலத்து நட்சத்திர மட்டையாளர் ஜோ ஜாக்சன் இரண்டிலும் உண்டு, டி206-ல் கிடையாது.

ஜூலை 28, 2024

கிளீவ்லாந்தில் தேசியச் சேகரிப்பாளர் கண்காட்சிக்குப் போய் வந்தேன். கால் வலி இன்னும் போகவில்லை. கொலம்பஸ் நண்பரும் வந்திருந்தார். நேரில் பார்த்தது சந்தோஷம்.

அவருடைய காப் கிரேடிங் முடிந்து வந்துவிட்டது. அசல். பத்துக்கு 2. மடிப்பு ஒன்று பின்னால் இருக்கிறது, முகத்தில் ஒன்றுமில்லை, சிவப்பு அப்படியே தகதகக்கிறது. பிசிறு ஓரமும் அப்படியே இருக்கிறது. கண்காட்சியில் ஒரு வியாபாரி அங்கேயே விலை சொன்னார். நண்பர் தரவில்லை. இறந்துபோன பெரியவரின் மகளைத் தேடிப் பிடித்து, டப்பாவில் என்ன இருந்தது என்று சொன்னாராம். அவர் பணம் வேண்டாம், அப்பா பெயரில் யாராவது வைத்திருந்தால் போதும் என்றாராம். நண்பர் மற்ற கார்டுகளில் ஒன்றை அவருக்குக் கொடுத்திருக்கிறார். நான் சொல்லிக் கொடுத்து நடந்ததில்லை இது. அவராகச் செய்தது.

எல்லாக் கார்டையும் கிரேடிங்குக்கு அனுப்ப வேண்டுமா என்று அங்கே பலர் கேட்டார்கள். வேண்டாம். ஐம்பது டாலர் கார்டுக்குக் கட்டணமும் தபால் செலவும் சேர்த்தால் கார்டின் விலையே கரைந்துவிடும். காப், மாத்யூசன், சை யங் போன்றவர்களை அனுப்புங்கள், அதுவும் விற்க நினைத்தால் அல்லது அசல்தானா என்ற கேள்வி இருந்தால். கார்டின் மதிப்பு ஏற ஏறக் கட்டணமும் ஏறும், அதைக் கேட்டுக்கொண்டு அனுப்புங்கள்.

ஆகஸ்ட் 4, 2024

நூறு டாலர் வைத்துக்கொண்டு ஆரம்பிக்க ஆசைப்படும் நியூ ஜெர்சி தங்கைக்கு.

முதலில் பணம் செலவழிக்காதே. அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தளத்தில் 1887 முதல் 1914 வரையான ஏறக்குறைய 2,100 கார்டுகள் பெரிய படங்களாக இலவசமாக இருக்கின்றன. பெஞ்சமின் எட்வர்ட்ஸ் என்பவரின் சேகரிப்பு, கவிஞர் கார்ல் சாண்ட்பர்க் வழியாக நூலகத்துக்கு வந்தது. ஒரு மாதம் அவற்றையே பார். அசல் நிறம், அசல் எழுத்து கண்ணில் பதியட்டும்.

பிறகு உனக்குப் பிடித்த ஓர் அணியையோ ஊரையோ எடுத்துக்கொள். நியூ ஜெர்சியிலேயே நெவார்க், ஜெர்சி சிட்டி சிறு லீக் ஆட்டக்காரர்கள் டி206-ல் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரின் தேய்ந்த கார்டு ஒன்று, திருத்தாதது, பின்பக்கம் முழுதாகப் படிக்க முடிவது. இரண்டு கூட வாங்கலாம் அந்தப் பணத்தில். பொதுவான ஏலத்தில் வாங்கினால் வாங்குபவர் கமிஷன் தனியாக 20 சதவீதம் அளவுக்கு வரும், அதைக் கழித்துவிட்டு உன் உச்ச விலையை முடிவு செய். படத்தில் பின்பக்கம் காட்டாத விற்பனையாளரிடம் பின்பக்கம் கேள். தரவில்லையென்றால் அடுத்தவரிடம் போ.

வந்ததும் படம் போடு, எல்லாரும் சேர்ந்து பார்ப்போம்.